மோத்தா: குஜராத்தியா, போர்த்துக்கீசியமா, சுத்தத் தமிழா?

2 ஏப்ரல் 2023, காலை 9:12 (வாசகர் கேள்வி)

என்னோடு வேலை பார்க்கும் தூத்துக்குடிக்காரர் ஒருவருடைய குடும்பப் பெயர் மோத்தா. 'மூத்தார்' என்பதுதான் மருவி மோத்தா ஆனது, போர்த்துக்கீசியர் வருவதற்கு முன்பே பாண்டியன் கொடுத்த பட்டம் என்று அடித்துச் சொல்கிறார். இணையத்தில் தேடினால் தென்னாப்பிரிக்காவில்தான் ஏகப்பட்ட மோத்தாக்கள் வருகிறார்கள். யாருக்காவது விவரம் தெரியுமா?

2 ஏப்ரல் 2023, இரவு 10:47

பட்டமும் இல்லை, பாண்டியன் கொடுத்ததும் இல்லை. அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

என் அம்மா பிறந்தது மோத்தா வீட்டில். அப்பா பர்னாந்து. எங்கள் கடற்கரையில் கல்லை எறிந்தால் ஒரு பர்னாந்து மேல்தான் விழும். மோத்தாவைத் தேடிப்பிடிக்க வேண்டும். இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்து, எனக்கு வந்து வாய்த்தது கல்லடி படுகிற பெயர்.

போர்த்துக்கலில் மோத்தா என்று ஒரு குடும்பப் பெயர் இருக்கிறது. எம், ஓ, டி, ஏ என்று எழுதுவார்கள். மண்மேடு என்று பொருள். கோட்டை எழுப்ப உயர்த்திய மேடும் மோத்தா, வெள்ளம் தடுக்கப் போட்ட கரையும் மோத்தா. மேட்டுப்பக்கம் குடியிருந்தவனுக்கு மேட்டுக்காரன் என்று பெயர் நிற்பது போல. அவர்கள் பெயர்களில் பாதி இப்படித்தான்: பெரைரா என்றால் பேரி மரம், மச்சாதோ என்றால் கோடரி, கர்வாலியோ என்றால் கருவாலி மரம். (கருவாலி, கர்வாலியோ! இதை வைத்துக்கொண்டு நாளைக்கு யாராவது கிளம்பி வருவார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: தற்செயல்.)

இந்தப் பெயர்கள் எங்களிடம் வந்த கதை ஊரறிந்ததுதான். 1530-களில் முத்துக்குளிப்புத் துறைகளில் யார் கை ஓங்குவது என்று கடற்கரை மக்களான எங்கள் பரதவருக்கும் மரக்கல வணிகம் செய்த முஸ்லிம்களுக்கும் பெரிய சண்டை. ஜுவாம் த குரூஸ் என்ற குதிரை வியாபாரி, அவரும் கோழிக்கோட்டிலிருந்து மதம் மாறியவர், பரதவர் தலைவர்களுக்கு ஒரு யோசனை சொன்னார்: கொச்சிக்குப் போய் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேளுங்கள், பதிலுக்கு ஞானஸ்நானம் வாங்கிக்கொள்ளுங்கள். போனார்கள். 1535 முதல் 1537-க்குள் ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றதாகச் சேசு சபையார் எழுதி வைத்திருக்கிறார்கள். சேசு சபைப் பாதிரியார் சவேரியார் வந்தது அதற்கும் பின்னால், 1542-இல்.

ஆகவே மோத்தா என்பதால் போர்த்துக்கீசிய ரத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஆட்களை ஒரு தடவை பாருங்கள், புரியும். பெயர் ஞானஸ்நானத் தொட்டித் தண்ணீரோடு வந்தது, அவ்வளவே.

3 ஏப்ரல் 2023, காலை 7:05

தென்னாப்பிரிக்காவை மறந்துவிட்டேன். அது சுலபம். 1860-இல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு டர்பன் போனது. அதன்பின் ஐம்பது ஆண்டுகள் கப்பல் கப்பலாக நம் ஆட்கள் நேட்டாலுக்குப் போனார்கள். அதில் சில மோத்தாக்கள் ஏறியிருப்பார்கள். பேரன் பேத்தி என்று பெருகியிருப்பார்கள். கதை முடிந்தது.

3 ஏப்ரல் 2023, காலை 7:20

பரதவர் என்றைக்குக் கரும்பு வெட்டப் போனார்கள் என்று அம்மா கேட்கிறாள். ம்.

5 ஏப்ரல் 2023, இரவு 11:30

நேற்று முந்தைய நாள் காலை எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். முழுத் தப்பு.

தென்னாப்பிரிக்க மோத்தாக்கள் தமிழர்கள் இல்லை, இந்தியர்களும் இல்லை. ஸுலு, ஸ்வாஸி மக்களிடையே வழங்கும் ஒரு குலப்பெயர் அது. ஸ்வாஸி மொழியில் 'மோட்ஸா' என்று வரும், ஸுலுவில் 'மோதா' மாதிரி. ஸுலு 'த' வரும் இடத்தில் ஸ்வாஸியில் 'ட்ஸ' வருவது அந்த மொழிகளின் வழக்கம். நம் பெயரும் அவர்கள் பெயரும் ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே ஐந்து எழுத்து: எம், ஓ, டி, எச், ஏ. அந்த 'டி-எச்' அங்கே மூச்சை ஊதிச் சொல்லும் ஓசை, இங்கே பல்லில் நாக்கு படும் 'த்த'. எழுத்தைப் பார்த்து ஆளை எண்ணும் இணையதளங்களுக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

இதில் என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டியது ஒன்று. 'மூத்தார்' கதை சொன்னவர் ஒலி ஒத்துப்போகிறது என்று கதை கட்டினார். நான் எழுத்து ஒத்துப்போகிறது என்று ஒரு கப்பலையே கட்டிவிட்டேன்.

9 ஏப்ரல் 2023, மதியம்

ஈஸ்டர். வீட்டில் ஆட்டுக்கறி, பேச்சு முழுக்க இந்த இழைதான். பெரியம்மா ஒரு பழைய சங்கதி சொன்னார். அவர் பள்ளியில் படித்தபோது வருகைப்பதிவு எடுக்கும் டீச்சர் ஒருநாளும் மோத்தா என்று சரியாகக் கூப்பிட்டதில்லையாம். 'மொத்தா' என்பார், வகுப்பே 'மொத்தமா எத்தனை' என்று சிரிக்கும்.

என் மாமா மகன் அகமதாபாத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது வேறு கூத்து. முதல் நாளே அவனைக் குஜராத்தி என்று முடிவுகட்டி 'மோட்டாபாய்' என்று அழைக்க ஆரம்பித்துவிட்டார்கள். குஜராத்தியில் மோட்டா என்றால் பெரிய, மோட்டாபாய் என்றால் அண்ணன். அவன் ஒல்லியான ஆள். இந்திக்காரர்களுக்கு மோட்டா என்றால் பருமன். அவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

லிஸ்பனிலிருந்து வந்த ஒருவரைச் சந்தித்தபோதாவது மரியாதை கிடைக்கும் என்று நினைத்திருக்கிறான். அங்கே பேச்சு வழக்கில் மோட்டார் சைக்கிளுக்கு அதே பெயராம். 'உன் தாத்தா ஹோண்டாவா யமஹாவா' என்று கேட்டிருக்கிறார்.

16 ஏப்ரல் 2023, மாலை 5:15

சரி, இப்போது நிதானமாக. மோத்தா போர்த்துக்கீசியம்தான், குஜராத்தி இல்லை, மூத்தாரும் இல்லை என்பதற்கு என்ன பிடிமானம்? 'ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள்' என்பது பிடிமானம் ஆகாது என்று ஒருவர் கீழே எழுதியிருந்தார். நியாயம்தான்.

என் பிடிமானம் சட்டைப் பொத்தான்.

போர்த்துக்கீசியத்தில் அது 'பொதாவ்' போல ஒலிக்கும். எழுதுவது டி. நாம் வாங்கும்போது பொட்டான் என்று வாங்கவில்லை, பொத்தான் என்று வாங்கினோம். செருப்புக்கு அவர்கள் சொல்லும் 'சப்பாத்து' இலங்கைத் தமிழில் இன்றும் சப்பாத்துதான், சப்பாட்டு இல்லை. துண்டுக்கு அவர்கள் சொல்வது துவாலை ஆனது, டுவாலை ஆகவில்லை. துணி தேய்ப்பது இஸ்திரி. பிஸ்கட்டுக்கு அவர்கள் சொல்வது விசுக்கோத்து. எல்லாவற்றிலும் அதே டி எழுத்து, நம் காதில் எல்லாம் 'த'. ஏனென்றால் போர்த்துக்கீசியன் அந்த எழுத்தைப் பல்லில் நாக்கை வைத்துச் சொல்கிறான். இங்கிலீஷ்காரன் மேலே தூக்கிச் சொல்கிறான். அதனால் ஆங்கிலத்திலிருந்து வந்ததெல்லாம் டிக்கெட், டீ, ரிப்போர்ட், கோர்ட்டு என்று 'ட'வாக விழுந்தது. தமிழன் காது ரொம்பத் துல்லியம். யாரிடம் வாங்கினோம் என்று எழுதி ஒட்டிவைத்த மாதிரி.

அந்தக் கணக்கில் எம், ஓ, டி, ஏ என்ற பெயர் போர்த்துக்கீசியன் வாயிலிருந்து நேரே நம் காதில் விழுந்தால் மோத்தாதான். பிறகு வெள்ளைக்காரன் ஆட்சியில் பள்ளிக்கூடத்திலும் துறைமுகத்திலும் ஆங்கிலத்தில் எழுதவேண்டி வந்தபோது, 'த'வுக்கு டி-எச் போடும் தமிழ்நாட்டு வழக்கப்படி (முத்து, தங்கம், தூத்துக்குடி எல்லாம் அப்படித்தானே எழுதுகிறோம்) அந்த எச் நடுவில் வந்து உட்கார்ந்தது. குஜராத்தி மோட்டாவாக இருந்தால் எச் வர வழியே இல்லை. போர்த்துக்கலில் இருப்பவருக்கும் அந்த எச் இல்லை. பிரேசிலில் இரண்டு டி போட்டு எழுதும் குடும்பங்கள் இன்னும் உண்டு. போர்த்துக்கல் 1911-இல் எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோது இரட்டை எழுத்துகளைக் குறைத்தது.

ஆக ரத்தம் தமிழ், பெயர் போர்த்துக்கீசியம், நடுவில் இருக்கும் அந்த ஒற்றை எச் மட்டும் தூத்துக்குடி. 'மூத்தார்' நண்பருக்கு ஆறுதலாக ஒன்று சொல்லலாம்: பெயருக்குள் தமிழ் இருக்கிறது ஐயா, ஆனால் நீங்கள் தேடின இடத்தில் இல்லை.

17 ஏப்ரல் 2023, காலை 8:50

நேற்று எழுதியதற்கு மணப்பாட்டிலிருந்து ஒருவர் கேட்ட கேள்வி தூக்கத்தைக் கெடுத்தது. 'அப்படியானால் கோஸ்டாக்கள் ஏன் எச் போடுவதில்லை? அதே டிதானே?'

யோசித்துப் பார்த்தேன். எங்கள் பெரியவர்கள் வாயில் அது கோஸ்தாதான். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் எச் இல்லை. எனக்குத் தோன்றுவது: கோஸ்டா, பெரைரா போன்ற பெயர்கள் கொச்சியில் உண்டு, கோவாவில் உண்டு, கொழும்பில் உண்டு. சாமியார்களும் குமாஸ்தாக்களும் அவற்றை ஏற்கெனவே எழுத்தில் பார்த்துப் பழகியவர்கள். பார்த்தபடி எழுதினார்கள். மோத்தாவை அவர்கள் எங்கே பார்த்தார்கள்? வாசலில் வந்து நின்றவர் வாயால் சொன்னதைக் கேட்டபடி எழுதினார்கள். அதிகம் புழங்காத பெயரைக் காதால் எழுதுவார்கள், புழங்கிய பெயரைக் கண்ணால் எழுதுவார்கள். அப்படிப் பார்த்தால் எச் வந்ததே அந்தப் பெயர் அரிது என்பதால்தான்.

இது என் ஊகம். ஆனாலும் நேற்றைய வாதத்தைவிட இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

17 ஏப்ரல் 2023, காலை 9:02

பொத்தானை ஒத்துக்கொண்டதற்கு மணப்பாட்டாருக்கு நன்றி. மக்ரூன் போர்த்துக்கீசியமா என்று கேட்ட நண்பருக்கு: ஒரு டப்பா வாங்கி அனுப்புங்கள், தின்றுவிட்டுச் சொல்கிறேன்.

2 மே 2023, இரவு 9:40

பர்னாந்துகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று மூன்று பேர். மோத்தாவுக்கு இழை போட்டால் பர்னாந்து வந்து உட்கார்ந்துகொள்வது ஊர் வழக்கம்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. போர்த்துக்கலில் பர்னாந்து என்பது குடும்பப் பெயராக வருவது அபூர்வம். அங்கே அது ஆளின் பெயர். குடும்பப் பெயர் பர்னாந்தஸ். பர்னாந்துவின் மகன் என்று பொருள். ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிகஸ், அந்த மாதிரி. இங்கே நாமோ பர்னாந்து, ரொட்ரிகோ என்று ஆளின் பெயரையே குடும்பப் பெயராகப் போட்டுக்கொண்டு ஐந்நூறு வருஷமாக ஓட்டுகிறோம்.

ஏன்? ஞானத்தகப்பனாக நின்ற போர்த்துக்கீசியனின் பெயர் ஒட்டிக்கொண்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். இருக்கலாம். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. தமிழனுக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே கிடையாது. அப்பன் பெயரைச் சேர்த்துக்கொள்வதுதான் வழக்கம். ஞானஸ்நானத்தில் ஒருவனுக்குப் பர்னாந்து என்று பெயர் வைத்தார்கள், அவன் மகன் தன் பெயரோடு அப்பன் பெயரான பர்னாந்தைப் போட்டுக்கொண்டான். பேரன் காலத்தில் அதை மாற்றாமல் விட்டார்கள். அங்கே நின்றது. நம் 'இனிஷியல்' உறைந்துபோய்க் கல்லானதுதான் பர்னாந்து என்பது என் எண்ணம். மோத்தா அந்த வகை இல்லை. அது அங்கேயே குடும்பப் பெயர். ஆகவே யாரோ ஒரு மோத்தா உண்மையிலேயே தொட்டிப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் கீழ்க்கடலில் மோத்தாக்கள் திரிந்ததற்குச் சாட்சி இருக்கிறது. முதன்முதலாக ஜப்பான் கரையைத் தொட்ட போர்த்துக்கீசியர்களில் அந்தோனியோ த மோத்தா என்று ஒருவர். 1542, 43 வாக்கில். சவேரியார் தூத்துக்குடிக்கு வந்த அதே சமயம். உடனே 'ஜப்பானைக் கண்டவர் வம்சம்' என்று கல்யாணப் பத்திரிகையில் போட்டுவிடாதீர்கள். அவர் மயிலாப்பூர்ப் பக்கமாவது வந்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

எல்லாருமே போர்த்துக்கீசியப் பெயருக்கு மாறிவிடவும் இல்லை. வில்லவராயர், பூபாலராயர் என்று தமிழ்ப் பட்டங்கள் அப்படியே குடும்பப் பெயராக நின்றுவிட்டன. 'மூத்தார்' நண்பருக்கு இதுவும் எதிராகத்தான் போகிறது. தமிழ்ப் பட்டம் நிலைத்த இடத்தில் 'ர்' விகுதியோடு முழுசாக நிலைத்திருக்கிறது. மூத்தார் மட்டும் ஏன் தேய வேண்டும்?

இன்னொரு ஆச்சரியம் டச்சுக்காரர்கள். 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். இடையில் ஆங்கிலேயரிடம் விட்டதையும் சேர்த்தால் 1825 வரை அவர்கள் ஆட்டம்தான். போர்த்துக்கீசியர் இருந்ததைவிட அதிக காலம். ஆனால் தூத்துக்குடியில் ஒரு பரதவருக்கு டச்சுப் பெயர் உண்டா? கோயிலையும் பறித்தார்கள், புரொட்டஸ்டண்டாகச் சொல்லியும் பார்த்தார்கள். யாரும் அசையவில்லை. தொட்டியில் கை வைத்தவன் பெயர்தான் நிற்கும், வரி வாங்கினவன் பெயர் நிற்காது.

21 மே 2023, இரவு 10:10

கேட்டுக்கொண்டே இருந்தீர்கள், போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அம்மாவின் ஊர்ப் பங்குக் கோயில். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், பங்குச்சாமிக்குத் தொல்லை வேண்டாம். ஞானஸ்நானப் புத்தகங்களை இரும்புப் பீரோவிலிருந்து எடுத்து, மேசையில் ஒரு துணியை விரித்து, அதன் மேல் வைத்துத் தந்தார். கை கழுவிவிட்டு வரச்சொன்னார். 1563-இல் திரிதெந்து சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் பெரிய கூட்டம்) பங்குக்குப் பங்கு பதிவு வைக்கவேண்டும் என்று கட்டளை போட்டது, இங்கே கையில் கிடைப்பதோ அதில் கடைசிக் கொஞ்சம்தான். கரையான், உப்புக்காற்று, புயல். மிச்சமிருந்ததில் பழையது எழுதியிருப்பது லத்தீனில். ஆளின் பெயரெல்லாம் லத்தீன் விகுதியோடு வரும். யோசேப்பு யோசேப்புஸ் ஆகிவிடுவார்.

தாத்தாவைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது, காரணம் நான் எச் போட்ட பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் எச் இல்லாமல் இருந்தார். ஒற்றை டி, சுத்தமாக, போர்த்துக்கலில் எழுதுவது போலவே. எழுதிய சாமியார் வெளிநாட்டவர் என்று கையெழுத்தே சொல்கிறது. நான்கு வருஷம் கழித்து அவருடைய தங்கை: இரண்டு டி. அதற்கடுத்த தம்பி: டி, எச். வேறு கையெழுத்து, நம்மூர்ச் சாமியாராக இருக்க வேண்டும். ஒரே தகப்பன், ஒரே தாய், ஒரே தொட்டி, மூன்று குடும்பப் பெயர். அந்தப் பக்கத்தை ஒரு கணக்குப் பார்க்கும் இணையதளத்துக்குக் கொடுத்தால் மூன்று வம்சம் என்று படம் போட்டுக் காட்டும்.

தாத்தாவின் கல்யாணப் பதிவில் எச் வந்துவிட்டது. அதற்குள் அவர் பள்ளிக்கூடம் போயிருப்பார், தானே எழுதக் கற்றிருப்பார். மெல்ல மெல்ல எச் ஜெயித்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஞானத்தாய் தகப்பன் பத்தியில் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அதே பத்துப் பதினைந்து குடும்பங்கள் ஒருவருக்கொருவர் பிள்ளைக்கு ஞானத்தகப்பன். போர்த்துக்கீசியன் ஒருவனும் இல்லை. அவன் போய் இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்குமே.

22 மே 2023, காலை 6:30

'தங்கை' என்று எழுதியது பாதிக் கதைதான். அம்மா திருத்தினாள். அதே பெயரில் முதலில் ஒரு அக்கா இருந்தாளாம், அவள் சின்ன வயதில் தவறிய பிறகு அடுத்துப் பிறந்தவளுக்கும் அதே பெயர் வைத்தார்கள். நான் பார்த்தது இரண்டாவது பெண்ணின் பதிவு. முதல் பெண்ணின் பதிவு கரையான் தின்ற பக்கத்தில் இருந்திருக்கும். அவளை எப்படி எழுதினார்கள் என்று இனித் தெரியாது.

18 ஜூன் 2023, மாலை

'மொத்தம் எத்தனை மோத்தா இருக்கிறார்கள்?' இதை ஏழு பேர் கேட்டாயிற்று. (மொத்தம், மோத்தா. பெரியம்மாவின் டீச்சர் ஜெயித்துவிட்டார்.)

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குடும்பப் பெயர்வாரியாக எண்ணிக்கை வெளியிடுவதில்லை. இணையதளங்கள் காட்டுவதில் ஸ்வாஸிகள், குஜராத்திகள், கோவாக்காரர்கள் எல்லாம் கலந்து கிடக்கிறார்கள். என் முறை வேறு: ஞாயிற்றுக்கிழமை பூசையில் கல்யாண ஓலை வாசிக்கும்போது காதைத் தீட்டிக்கொள்வது. ஒரு வருஷத்தில் பர்னாந்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ண முடியாது. பர்னாந்துக்கும் பர்னாந்துக்குமே கல்யாணம் நடக்கிறது, பெயர் ஒன்று என்பதால் பங்காளி என்று யாரும் சொல்வதில்லை. அதனால்தான் வீட்டுக்கு வீடு ஒரு பட்டப்பெயர். மோத்தாக்களுக்குப் பட்டப்பெயர் தேவைப்பட்டதே இல்லை. 'மோத்தா வீடு' என்றால் போதும், தபால்காரர் வருவார்.

பெயர் ஏன் அரிதாகவே இருந்தது? ஆரம்பத்திலேயே ஒரு தொட்டி, ஒரு ஞானத்தகப்பன் என்றால் விதை ஒன்றுதான். அதற்கப்புறம் அதிர்ஷ்டம். இதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. 1873-இல் பிரான்சிஸ் கால்ட்டன் இங்கிலாந்தில் ஒரு பத்திரிகையில் கேள்வி போட்டார்: ஒவ்வொரு ஆணுக்கும் இத்தனை மகன்கள் என்று வாய்ப்பு இருந்தால் எத்தனை தலைமுறையில் ஒரு பெயர் அற்றுப்போகும்? வாட்ஸன் என்ற பாதிரியார் விடை எழுதினார், அடுத்த வருஷம் இருவரும் சேர்ந்து கட்டுரையாக வெளியிட்டார்கள். எல்லாப் பெயரும் என்றாவது அற்றுப்போகும் என்று வாட்ஸன் முடித்திருந்தார். அது தப்பு, சராசரி ஒரு மகனுக்கு மேல் இருந்தால் தப்பிக்கவும் வழியுண்டு என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள்.

வாட்ஸன் ஆங்கிலிக்கன் பாதிரியார், கல்யாணம் பண்ணலாம். எங்கள் கத்தோலிக்கச் சாமியார்கள் பண்ண முடியாது. எங்கள் பக்கத்துக் கணக்கில் அவருக்குத் தெரியாத ஒரு எண் உண்டு. தாத்தாவுக்கு எட்டுப் பிள்ளை: ஆறு பெண், இரண்டு ஆண். ஆறு பெண்ணில் ஒருத்தி கன்னியர் மடத்துக்கு, மற்ற ஐந்து பேரும் பர்னாந்து, ரொட்ரிகோ, மிராந்தா என்று போய்விட்டார்கள். இரண்டு ஆணில் மூத்தவர் சாமியாராகப் போனார். ஊரே மாலை போட்டு அனுப்பிவைத்தது. ஆச்சி மட்டும் அன்றைக்கு அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லையாம். மிஞ்சியது அகமதாபாத் மோட்டாபாயின் அப்பா ஒருவர்தான். கடற்கரையில் எந்த வீட்டை எடுத்தாலும் ஒரு சாமியார், இரண்டு சிஸ்டர் இருப்பார்கள். பர்னாந்து வீட்டில் அது பெருமை. மோத்தா வீட்டில் அது பெருமையும் ஒரு கிளை முறிந்ததும்.

கொழும்பை விட்டுவிட்டேன். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடந்த வியாபாரத்தில் எங்கள் ஆட்கள் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். இலங்கைக் கணக்கெடுப்பில் 'பரதர்' என்று தனி இனமாகவே எண்ணுகிறார்கள். 2012-இல் மொத்தமே 2,000 பேருக்குக் கீழே. அதில் மோத்தாக்களும் உண்டு. அங்கே பர்னாந்து என்றால் நம்மவர் என்று நினைத்துப் போய்க் கட்டிப்பிடிக்காதீர்கள், பெரும்பாலும் சிங்களவர்தான். முன்னால் வர்ணகுலசூரிய, குருகுலசூரிய என்று நீளமாக ஒன்று இருக்கும், அதைப் பார்த்துக் கண்டுகொள்ளலாம். ஆனால் மோத்தா என்றால் தைரியமாகப் போய்ப் பேசலாம். பெயர் சின்னதாக இருப்பதில் இப்படியொரு சௌகரியம்.

6 ஆகஸ்ட் 2023, காலை 11:00

பத்து வருஷத்துக்குப் பிறகு நேற்று பனிமய மாதாவுக்குத் தங்கத்தேர். 1806-இல் அப்போதைய சாதித்தலைவர் செய்துவைத்த தேர். அவர் பெயரிலேயே குரூஸ், வாஸ், கோமஸ் என்று மூன்று போர்த்துக்கீசியப் பெயர் வரிசையாக இருக்கும். சாதித்தலைவருக்கு மூன்று, எங்களுக்கு ஒன்றே தடுமாற்றம்.

கால் வைக்க இடமில்லை. கூட்டத்தில் ஒரு பெரியவர், கொழும்பிலிருந்து வந்தவர், இந்த இழையைப் பேத்தி வாசித்துக் காட்டியதாகச் சொல்லிக்கொண்டு என்னைத் தேடிப்பிடித்தார். அவரும் மோத்தா. எடுத்த எடுப்பில் 'எச் உண்டா?' என்று கேட்டேன். சட்டைப்பையிலிருந்து கடவுச்சீட்டை எடுத்துக் காட்டினார். உண்டு. நான் உற்சாகமாகப் பொத்தான் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: 'எங்கள் வீட்டில் வேறு மாதிரிச் சொல்லுவினம். நாங்கள்தான் மூத்த குடி. மூத்தார் எண்டதுதான் மோத்தா.'

நான் ஒன்றும் சொல்லவில்லை. தேர் திரும்பிக்கொண்டிருந்தது, அவர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கேள்வி கேட்ட நண்பரின் சகாவும் இவரும் உறவாக இருக்கலாம், விசாரியுங்கள்.

7 ஆகஸ்ட் 2023, இரவு 12:20

ஒரு திருத்தம். ஜூன் 18-இல் 'மோத்தாக்களுக்குப் பட்டப்பெயர் தேவைப்பட்டதே இல்லை' என்று எழுதினேன். கொழும்புப் பெரியவர் அம்மாவோடு பேசியதில் தெரிந்தது, எங்கள் தாத்தா வீட்டுக்கும் ஒன்று இருந்திருக்கிறது. அம்மா இத்தனை நாள் மறைத்துவிட்டாள். அதை இங்கே எழுதினால் சோறு கிடையாது என்று உத்தரவு.

14 நவம்பர் 2023, இரவு 8:35

மோட்டாபாய்க்கு மகன் பிறந்திருக்கிறான். அடுத்த தலைமுறைக்கு எங்கள் கிளையில் இதுவரை ஒரே மோத்தா.

பிறப்புச் சான்றிதழ் நேற்று வந்தது. தமிழில் 'மோதா' என்று ஒற்று இல்லாமல். ஆங்கிலத்தில் டி-எச்சுக்குப் பதில் டி-எச்-எச், இரண்டு எச். யார் விரல் எங்கே தவறியதோ. அது எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். திருத்த மனு கொடுத்திருக்கிறோம், ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டிருக்கிறார்கள். ஞானஸ்நானம் அடுத்த மாதம்தான். பங்குச்சாமியிடம் முன்கூட்டியே ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு எச் போதும், அதற்கு மேல் வேண்டாம் என்று.